பழுதாகும் டிஸ்கிலிருந்து தரவை மீட்பது: முதலில் நகல், பிறகே கோப்பு

லேப்டாப் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது. ஒரு குறிப்பிட்ட கோப்புறையைத் தொட்டால் மட்டும் மவுஸ் உறைந்துபோகிறது. கோப்பை நகலெடுத்தால் பாதி வழியில் பட்டை நின்று, பிழைச்செய்தி வருகிறது. இந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்வது, அணைத்து அணைத்து ஆன் செய்து பார்ப்பது. எளிதாக மீண்டிருக்க வேண்டிய தரவு பலமுறை கைவிட்டுப் போவது இந்தப் பழக்கத்தால்தான்.

பழுதாகத் தொடங்கிய டிஸ்குக்கு மிச்சமிருக்கும் ஓட்ட நேரம் அளவானது. அது பத்து மணி நேரமா, பத்து நாளா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. தரவு மீட்பைத் தொழிலாகச் செய்பவர்கள் எடுக்கும் எல்லா முடிவுக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை. இருக்கிற நேரத்துக்குள், டிஸ்கை முடிந்தவரை குறைவாக அலைக்கழித்து, அதிலுள்ள செக்டர்களை (தரவு எழுதப்படும் சிறு துண்டுகளை) ஒரே ஒரு முறை படித்து வேறொரு நல்ல டிஸ்கில் அப்படியே இறக்கிவிட வேண்டும். இதற்குத்தான் இமேஜ் எடுப்பது என்று பெயர். கோப்புறை, கோப்பின் பெயர், அழிந்த படம் எல்லாவற்றையும் அந்த நகலில்தான் தேட வேண்டும். மூல டிஸ்கில் தேடல் நடக்கவே கூடாது.

ஒரு செக்டர் படிக்க முடியாமல் போகும்போது

லேப்டாப்பில் இருக்கும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். அதாவது நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிநொடி. உள்ளே சுழலும் காந்தத் தட்டின் வெளி விளிம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட, அதற்குச் சில நானோமீட்டர் மேலே காற்றுப்படலத்தில், தரவைப் படித்து எழுதும் ஹெட் மிதக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். ஒரு தூசு உள்ளே விழுந்தால் ஹெட்டுக்கு அது மலையில் மோதுவது போலத்தான்.

தரவு 512 பைட் அல்லது 4096 பைட் கொண்ட செக்டர்களாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுடனும் பிழை திருத்தும் குறியீடு சேர்ந்திருக்கும். சின்னச் சின்னப் பிழைகளை டிஸ்க் அதை வைத்துத் தானே திருத்திக்கொள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது. திருத்த முடியாத அளவுக்குப் பிழை கூடினால், அடுத்த சுற்றில் அதே செக்டர் வரும்வரை காத்திருந்து மறுபடி படிக்கும். ஹெட்டைத் தரவு எழுதப்பட்ட வட்டத் தடத்தின் நடுவிலிருந்து சற்றே விலக்கிப் படித்துப் பார்க்கும், அளவுகளை மாற்றிப் பார்க்கும். ஒரு முயற்சிக்கு 11 மில்லிநொடி என்றாலும், சில நூறு முயற்சிகளில் பல நொடி போய்விடும். அது தோற்றதும் இயங்குதளம் தன் பங்குக்கு அதே செக்டரை மீண்டும் கேட்கும். மவுஸ் உறைந்து நிற்பது இந்த நேரத்தில்தான்.

இனி ஒரு கணக்கு. ஆரோக்கியமான 500 ஜிபி டிஸ்கை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் முழுதாகப் படிக்க 5000 நொடி போதும், ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அதில் 10,000 செக்டர் கெட்டிருந்து, ஒவ்வொன்றிலும் டிஸ்க் 10 நொடி போராடினால் அதற்கு மட்டும் 1,00,000 நொடி. கிட்டத்தட்ட 28 மணி நேரம். 10,000 செக்டர் என்பது 512 பைட் கணக்கில் வெறும் 5 எம்பி. அந்த 5 எம்பிக்காக 28 மணி நேரம் ஹெட்டை நோயுள்ள இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தால், மிச்சம் 499 ஜிபியைப் படிப்பதற்குள் ஹெட் போய்விடலாம். நல்ல பகுதியை முதலில், கெட்ட பகுதியைக் கடைசியில் என்ற மீட்பு உத்தி இங்கிருந்துதான் பிறக்கிறது.

படிக்க முடியாத செக்டரை டிஸ்க் உடனே ஒதுக்கிவிடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதை 'நிலுவை' என்று குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை யாராவது அந்த இடத்தில் எழுதினால்தான், எழுதியது பதியவில்லை என்று கண்டு, உதிரிப் பகுதியிலிருந்து வேறொரு செக்டரை அதற்குப் பதிலாக மாற்றும். அந்த நொடியில் பழைய செக்டரில் இருந்தது நமக்கு எட்டாமல் போய்விடும். விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க், 'பேட் செக்டர் சரிசெய்யும்' மென்பொருள்கள், ஃபார்மட் செய்வது ஆகியவை ஏன் ஆபத்து என்பது இதிலிருந்து புரியும். அவை டிஸ்கை மறுபடி பயன்படுத்தத் தகுந்ததாக்கப் பார்க்கின்றன. நமக்கு வேண்டியதோ அதில் இருக்கும் தரவு.

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் பதிவில் நான்கு எண்களைப் பார்த்தால் போதும். 5 என்பது மாற்றப்பட்ட செக்டர்கள். 197 நிலுவையில் உள்ளவை. 198 சோதனையின்போது திருத்த முடியாமல் போனவை. 199 கேபிளில் வரும் பிழை. 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்து மற்றவை பூஜ்யமாக இருந்தால் பழுது டிஸ்கில் இல்லாமல் கேபிளிலோ இணைப்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம். 197 இன்று 8, நாளை 200 என்று ஏறினால் நேரம் ஓடுகிறது என்று பொருள். பதிவின் தலைப்பில் 'நலம்' என்று வருவதை நம்ப வேண்டாம். உற்பத்தியாளர் வைத்த வரம்பைத் தாண்டினால்தான் அது மாறும். நூற்றுக்கணக்கில் நிலுவைச் செக்டர் உள்ள டிஸ்கும் 'நலம்' என்றே காட்டும்.

உடனே செய்ய வேண்டியது

அணையுங்கள். கணினி சொன்னதைக் கேட்கிறது என்றால் வழக்கமான முறையில், அப்டேட் எதையும் ஏற்காமல். உறைந்து கிடக்கிறது என்றால் பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து. அடுத்த முறை ஆன் ஆகும்போது விண்டோஸ் தானாகவே டிஸ்க் சோதனையைத் தொடங்கப் பார்க்கும். ஏதாவது ஒரு விசையை அழுத்தினால் தவிர்க்கலாம் என்று சில நொடி அவகாசம் தரும். அதைத் தவறவிடக் கூடாது. அந்த அடுத்த முறையே வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கணினி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, டிஸ்கிலிருந்து புதிய சத்தம் எதுவும் இல்லை, மெதுவாக மட்டும் இருக்கிறது, உங்களுக்கு உயிர் போன்ற ஒரே ஒரு ஆய்வேட்டுக் கோப்பு அதில் இருக்கிறது என்றால், அணைப்பதற்கு முன் அதை மட்டும் ஒரு யூஎஸ்பி டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அணைத்த டிஸ்க் மறுபடி எழும் என்ற உறுதி இல்லை. ஆனால் அந்த ஒன்றோடு நிறுத்துங்கள். முழுப் படக் கோப்புறையையும் இழுத்துப் போட்டால், கோப்பு நகலெடுப்பு கெட்ட செக்டரில் மாட்டிக்கொண்டு டிஸ்கை வதைக்கும்.

ஃப்ரீசரில் வைப்பதைப் பற்றி இன்னும் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். குளிர்ந்த டிஸ்கை வெளியே எடுத்ததும் உள்ளிருக்கும் தட்டில் ஈரம் படியும். நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் ஹெட்டுக்கு அந்த நீர்த்துளி போதும். தட்டுவது, குலுக்குவது, மூடியைத் திறந்து 'உள்ளே சுற்றுகிறதா' என்று பார்ப்பது ஆகியவையும் அதே வகைதான்.

வீட்டிலா, லேபிலா

முடிவெடுக்க உதவுவது காதுதான். டிஸ்க் சீராகச் சுற்றி, ஒரே தாளத்தில் டக், டக், டக் என்று அடித்துவிட்டு நின்றுபோனால், ஹெட் தனக்குத் தேவையான வழிகாட்டித் தடங்களைப் படிக்க முடியாமல், தன்னைத் தாங்கும் கையை விளிம்புக்கும் நடுவுக்கும் வீசிக்கொண்டிருக்கிறது. மெல்லிய பீப் ஒலி மட்டும் விட்டு விட்டு வந்து சுழற்சியே இல்லை என்றால், ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். உரசும், கீறும் ஓசை வந்தால் தட்டின் காந்தப் பூச்சு துகளாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒவ்வொரு நொடியும் தரவு தூளாகிறது. இந்த மூன்றில் எது கேட்டாலும் மறுபடி மின்சாரம் கொடுக்காதீர்கள். கீழே விழுந்தது, நனைந்தது, கணினி துவங்கும்போது வரும் பயாஸ் அமைப்புத் திரையில் தெரியாதது, தெரிந்தாலும் கொள்ளளவு பூஜ்யம் அல்லது அபத்தமான எண்ணாகக் காட்டுவது ஆகியவையும் தரவு மீட்பு லேபுக்கு உரியவை.

சத்தமில்லை, பெயரும் கொள்ளளவும் சரியாக வருகின்றன, நிலுவைச் செக்டர்கள் பத்துகளில் இருக்கின்றன என்றால் நீங்களே இமேஜ் எடுக்கலாம். அப்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இந்தத் தரவு இழந்தால் திரும்ப உருவாக்க முடியாததா? ஆம் என்றால், பழுது எளிதாகத் தெரிந்தாலும் லேபுக்கே கொடுப்பது நல்லது. லேபுக்கு வந்து சேரும் கடினமான டிஸ்குகளில் பல, வீட்டில் ஒரு வாரம் முயற்சிக்கப்பட்ட எளிய டிஸ்குகள்தான்.

நீங்களே இமேஜ் எடுப்பதென்றால்

டிஸ்கை லேப்டாப்பிலிருந்து கழற்றுங்கள். அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் இணைப்பை விடுவிப்பது. பிறகு டிஸ்கை, முடிந்தால் ஒரு மேசைக் கணினியின் சாட்டா இணைப்பில் நேரடியாகப் பொருத்துங்கள். யூஎஸ்பி அடாப்டர் இரண்டாவது தேர்வுதான். 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 1 ஆம்பியர் அளவுக்கு இழுக்கலாம். பழைய யூஎஸ்பி 2 போர்ட்டின் வரம்பு 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3-இல் 900. மின்சாரம் போதாமல் டிஸ்க் பாதியில் சுழற்சியை விட்டுவிட்டு மறுபடி தொடங்கும், அது ஹெட்டுக்குக் கெடுதல். மேலும் சில மலிவு அடாப்டர்கள் ஒரு கெட்ட செக்டரில் டிஸ்க் தாமதித்ததுமே இணைப்பையே துண்டித்துவிடும்.

வேலையை விண்டோஸில் செய்ய வேண்டாம். டிஸ்க் தெரிந்தவுடனேயே அதைத் திறந்து ஏற்றி (மவுன்ட் செய்து), அட்டவணை போட, முன்தோற்றம் காட்ட என்று விண்டோஸ் படிக்கவும் எழுதவும் தொடங்கிவிடும். யூஎஸ்பியிலிருந்து ஓடும் லினக்ஸ் ஒன்றைத் துவக்கி, தானாக ஏற்றும் வசதியை அணைத்துவிட்ட பிறகு டிஸ்கை இணையுங்கள்.

இலக்கு டிஸ்க் மூலத்தைவிடப் பெரியதாக இருக்கட்டும். 500 ஜிபி என்று போட்ட இரண்டு டிஸ்குகள் செக்டர் எண்ணிக்கையில் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது. நேரடியாக டிஸ்குக்கு டிஸ்க் குளோன் செய்யாமல் ஒரே பெரிய இமேஜ் கோப்பாக எழுதுவது புதியவர்களுக்குப் பாதுகாப்பு. மூலமும் இலக்கும் இடம் மாறிப்போனால் வெற்று டிஸ்க் உங்கள் தரவின் மேல் எழுதப்படும், அதற்கு மீட்பே கிடையாது. இமேஜ் கோப்பு முறையில் அந்தத் தவறு நடக்க இடம் குறைவு. எப்படிச் செய்தாலும் தொடங்கும் முன் டிஸ்கின் மேல் ஒட்டியுள்ள வரிசை எண்ணைத் திரையில் காட்டும் வரிசை எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இலக்கு ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபியைத் தொட்டதும் எழுத்து நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கருவி, க்னூ டிடிரெஸ்க்யூ. இலவசம். பெயரைப் பார்த்து லினக்ஸின் சாதாரண நகல் கட்டளையான டிடி-யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டிடி முதல் பிழையிலேயே நின்றுவிடும், அல்லது முரட்டுத்தனமாக வரிசையில் முட்டிக்கொண்டே போகும். டிடிரெஸ்க்யூவின் உயிர்நாடி அது எழுதும் மேப் கோப்பு. அதைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு வரியிலும் ஒரு தொடக்க இடம், ஒரு நீளம், ஒரு குறி. கூட்டல் குறி இருந்தால் அந்தப் பகுதி படித்தாயிற்று. கேள்விக்குறி என்றால் இன்னும் தொடவில்லை. நட்சத்திரக் குறி, பிழை வந்ததால் பெரிய துண்டாகத் தாண்டிப் போன இடம். சாய்கோடு, ஓரங்கள் சீவப்பட்டு நடுப்பகுதி மட்டும் மிச்சமிருப்பது. கழித்தல் குறி, தனியாகப் படித்தும் தோற்ற செக்டர். மின்சாரம் போனாலும், டிஸ்க் நடுவில் மயங்கினாலும், இந்தக் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், படித்ததை மறுபடி படிக்க வேண்டாம். ஆகவே மேப் கோப்பைக் கொடுக்காமல் டிடிரெஸ்க்யூவை ஓட்டுவது பயனில்லை. அதை நினைவகத்தில் மட்டும் வாழும் லினக்ஸின் தற்காலிகக் கோப்புறையில் வைக்காமல், இலக்கு டிஸ்கிலோ வேறொரு யூஎஸ்பியிலோ வையுங்கள்.

அந்தக் குறிகளே வேலையின் ஒழுங்கையும் சொல்லிவிடுகின்றன. முதல் சுற்றில் பெரிய துண்டுகளாகப் படித்துக்கொண்டே போகும். பிழை வந்தால் அங்கே மல்லுக்கட்டாமல் தாண்டிவிடும். அடுத்த சுற்றில் பின்னிருந்து முன்னாக வந்து விட்ட இடங்களின் மறுபக்கத்தை அணுகும். பிறகு கெட்ட பகுதிகளின் ஓரங்களைச் செக்டர் செக்டராகச் சீவும். கடைசியில்தான் நடுவில் மிச்சமிருப்பதைச் சுரண்டும். முதல் ஓட்டத்தில் சுரண்டும் கட்டத்தைத் தவிர்க்கும் தெரிவைக் கொடுங்கள், மறுமுயற்சி எதுவும் வேண்டாம். அது முடிந்ததும் எத்தனை சதவீதம் வந்திருக்கிறது என்று பாருங்கள். 99.9 வந்திருந்தால் உங்கள் கோப்புகளில் பெரும்பாலானவை ஏற்கனவே பாதுகாப்பாக இருக்கின்றன. அதன்பின் சுரண்டலாம், ஒன்றிரண்டு மறுமுயற்சி கொடுக்கலாம்.

ஓடும்போது வேகத்தைக் கவனியுங்கள். நொடிக்கு 80 எம்பி, 90 எம்பி என்று ஓடி, பிறகு சில நூறு கிலோபைட்டுக்கு இறங்கி, மறுபடி 90-க்கு ஏறி, மறுபடி இறங்கி, இந்த ஏற்ற இறக்கம் சம இடைவெளியில் வந்துகொண்டே இருந்தால், அது தட்டில் அங்கங்கே உள்ள புள்ளிகள் இல்லை. ஒரு ஹெட் சோர்ந்துவிட்டது. இரண்டு தட்டு உள்ள டிஸ்கில் பெரும்பாலும் நான்கு ஹெட் இருக்கும். தரவு ஒரு ஹெட்டின் கீழ் சில தூரம், அடுத்த ஹெட்டின் கீழ் சில தூரம் என்று மாறி மாறி எழுதப்பட்டிருக்கும். நான்கில் ஒன்று போனால் ஒவ்வொரு நான்காவது பட்டையும் தடுமாறும். இந்த வடிவத்தைக் கண்டால் நிறுத்திவிடுங்கள். வீட்டுக் கருவியால் ஒரு ஹெட்டை மட்டும் ஒதுக்கிவைக்க முடியாது. லேபில் முடியும். சராசரி வேகம் நொடிக்கு 1 எம்பிக்குக் கீழே இறங்கினாலும், 500 ஜிபிக்கு ஏறத்தாழ ஆறு நாளோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், அதுவும் நிறுத்த வேண்டிய இடம்தான். டக் டக் சத்தம் புதிதாகத் தொடங்கினால் யோசிக்கவே வேண்டாம், மின்சாரத்தை எடுத்துவிடுங்கள்.

லேபில் என்ன செய்கிறார்கள்

டிஸ்கை வாங்கியதும் நேராக ஆன் செய்வதில்லை. முதலில் சர்க்யூட் பலகையைப் பார்ப்பார்கள். மின்னழுத்தம் எகிறியதால் காப்பு டையோடு எரிந்திருந்தால் அது எளிய வேலை. 'அதே மாடல் டிஸ்கின் பலகையை மாற்றினால் போதும்' என்பது பழைய டிஸ்குகளில் எடுபட்ட வித்தை. இன்றைய டிஸ்குகளில் அந்தந்த ஹெட்டுகளுக்கென்று தொழிற்சாலையில் அளந்து எழுதிய எண்கள் பலகையில் உள்ள ரோம் எனப்படும் ஒரு சிறு நினைவகச் சிப்பில் இருக்கும். பெரும்பாலும் எட்டுக் கால் சிப். அதையும் சாலிடர் எடுத்துப் புதிய பலகைக்கு மாற்றினால்தான் டிஸ்க் தன்னை அடையாளம் காணும்.

அடுத்தது ஃபர்ம்வேர். டிஸ்கின் இயக்க மென்பொருளின் பெரும்பகுதி தட்டிலேயே, நமக்குத் தெரியாத ஒரு சேவைப் பகுதியில் எழுதப்பட்டிருக்கும். அது கெட்டால் டிஸ்க் சுற்றும், ஆனால் கணினிக்குப் பதில் சொல்லாது. பிசி-3000 போன்ற கருவிகள் அந்தப் பகுதிக்குள் நேரடியாகப் போய், தொகுதிகளைப் படித்து, கெட்டதைத் திருத்தும். பல லேப்டாப் டிஸ்குகளில் தடங்கள் ஓடுகளைப் போல ஒன்றன் மேல் ஒன்று படியும்படி எழுதப்படுகின்றன. எந்த முகவரி எங்கே இருக்கிறது என்ற மொழிபெயர்ப்பு அட்டவணை அவற்றில் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். அந்த அட்டவணை சிதைந்தால், தட்டு நன்றாக இருந்தும் எல்லா செக்டரும் பூஜ்யமாக வரும். இதைச் சரிசெய்வது ஹெட் மாற்றுவதைவிடவும் கடினமாகலாம்.

ஹெட் மாற்ற வேண்டி வந்தால்தான் தூசியற்ற அறை தேவைப்படும். ஐஎஸ்ஓ 5 தரம் என்றால், ஒரு கனமீட்டர் காற்றில் 0.5 மைக்ரான் அல்லது அதற்கு மேற்பட்ட துகள்கள் 3,520-க்கு மேல் இருக்கக் கூடாது. சாதாரண அறையில் இது கோடிக்கணக்கில்கூட இருக்கலாம். ஹெட்டுக்கு ஒரு டோனர் டிஸ்க், அதாவது தன் நல்ல ஹெட்டைத் தரும் இன்னொரு டிஸ்க் வேண்டும். மாடல் எண் மட்டும் ஒத்தால் போதாது, ஃபர்ம்வேர் குடும்பம், ஹெட்டுகளின் எண்ணிக்கை, உற்பத்தி செய்த இடம், காலம் எல்லாம் நெருங்கி இருந்தால்தான் ஒத்துழைக்கும். லேபுகள் வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது பெரும்பாலும் டோனர் கிடைக்காமல்தான். மாற்றும்போது இரண்டு ஹெட்டுகள் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. அதற்காக அவற்றின் இடையே சீப்பு போன்ற மெல்லிய கருவியைச் செருகி, கையைத் தட்டிலிருந்து வெளியே சுழற்றி எடுப்பார்கள். புதிய ஹெட் பொருந்திய பிறகும் அது நீண்ட நாள் வாழும் என்று எதிர்பார்ப்பதில்லை. இமேஜ் எடுத்து முடிக்கும்வரை ஓடினால் போதும்.

லேபில் இமேஜ் எடுக்கும் தனிக் கருவியான வன்பொருள் இமேஜர், வீட்டு மென்பொருளிலிருந்து வேறுபடுவது இங்கேதான். செக்டர் ஒன்று 500 மில்லிநொடிக்குள் வரவில்லையென்றால் டிஸ்கை மீட்டமைத்துவிட்டு அடுத்ததற்குப் போ என்று அதனிடம் சொல்லலாம். டிஸ்க் தானாக நடத்தும் பின்னணி வேலைகளை நிறுத்தலாம். நல்ல மூன்று ஹெட்டுகளின் பகுதியை முதலில் எடுத்துவிட்டு, சோர்ந்த ஹெட்டைக் கடைசிக்கு வைக்கலாம். எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்று காட்டும் கோப்பு முறையின் அட்டவணையை முதலில் படித்து, கோப்புகள் இருக்கும் செக்டர்களை மட்டும் குறிவைக்கலாம். 1 டிபி டிஸ்கில் 200 ஜிபி மட்டுமே பயன்பாட்டில் இருந்தால், ஐந்தில் நான்கு பங்கு வேலை அங்கேயே மிச்சம்.

எஸ்எஸ்டி என்றால் கதை வேறு

சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் போகும். நேற்று நன்றாக இருந்தது, இன்று பயாஸில் இல்லை. சிப்புகளில் தரவு இருக்கும், ஆனால் எந்த முகவரி எந்தச் சிப்பின் எந்தப் பக்கத்தில் என்ற வரைபடத்தை வைத்திருக்கும் கன்ட்ரோலர் எழாது. சில, எழுத்தை மறுத்துப் படிக்க மட்டும் விடும் நிலைக்குப் போகும். அப்படி வந்தால் அது உங்களுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு, அணைக்காமல் நகலெடுங்கள்.

லேபில் கன்ட்ரோலரைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்து, அதன் நினைவகத்தில் தற்காலிக மென்பொருளை ஏற்றி, வரைபடத்தை மறுபடி கட்டுவார்கள். இது அந்தக் கன்ட்ரோலருக்கு ஆதரவு இருந்தால் மட்டும் நடக்கும். சிப்பைப் பெயர்த்துத் தனியே படிக்கும் முறை புதிய எஸ்எஸ்டிகள் பலவற்றில் பயனற்றுப்போகிறது. எழுதும் எல்லாவற்றையும் கன்ட்ரோலரே குறியாக்கம் செய்து வைக்கிறது, சாவி அதனுள் இருக்கிறது. டி2 சிப் அல்லது ஆப்பிளின் சொந்தச் செயலி உள்ள மேக்புக்குகளில் நினைவகத்தைப் பலகையிலிருந்து பிரித்தெடுப்பதில் அர்த்தமே இல்லை. பலகையை உயிர்ப்பித்தால்தான் தரவு. அதனால் அவற்றை முழு லேப்டாப்பாகவே லேபுக்கு அனுப்ப வேண்டும்.

அழித்த கோப்பை எஸ்எஸ்டியிலிருந்து மீட்பது இன்னொரு விஷயம். அழித்ததும் இயங்குதளம், அந்த இடம் இனி தேவையில்லை என்று சொல்லும் ட்ரிம் கட்டளையை அனுப்பும். அதன்பின் அந்த இடம் பொதுவாகப் பூஜ்யமாகவே படிக்கப்படும்.

விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதியான பிட்லாக்கர் பற்றி ஒரு வார்த்தை. பல விண்டோஸ் லேப்டாப்புகளில் உரிமையாளருக்கே தெரியாமல் குறியாக்கம் இயக்கத்தில் இருக்கிறது. டிஸ்கைக் கழற்றிவிட்டால் பலகையில் உள்ள பாதுகாப்புச் சிப் உதவாது, 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள், அலுவலகக் கணினி என்றால் அங்குள்ள நிர்வாகியிடம் கேளுங்கள். இமேஜ் நூறு சதவீதம் வந்தாலும் சாவி இல்லாமல் அது வெறும் இரைச்சல். இதை முதல் நாளே தேடி வையுங்கள்.

நகலிலிருந்து கோப்புகள்

இமேஜை எப்போதும் படிக்க மட்டும் என்ற நிலையில் திறங்கள். முடிந்தால் அதற்கும் ஒரு நகல் எடுத்துவிட்டு. கோப்பு முறை பெரிதாகச் சிதையவில்லை என்றால் கோப்புகள் பெயரோடும் கோப்புறையோடும் அப்படியே தெரியும். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிளில் பெரும்பாலும் 1024 பைட் கொண்ட ஒரு பதிவு உண்டு. பெயர், தேதி, எந்தெந்த இடத்தில் தரவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த அட்டவணையில் ஓட்டை விழுந்திருந்தால், டிஎம்டிஇ, ஆர்-ஸ்டுடியோ, யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் போன்றவை இமேஜ் முழுவதும் இந்தப் பதிவுகளைத் தேடிச் சேர்த்து மரத்தை மறுபடி கட்டும். டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்று காட்டும் பிரிவினை அட்டவணை மட்டும் போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க் போதும்.

கடைசி வழி, ஃபோட்டோரெக் செய்வது போலக் கோப்பின் தலைக்குறியைப் பார்த்துத் தோண்டுவது. ஜேபெக் படம் எப்போதும் ஒரே பைட் வரிசையில் தொடங்கும், அதைக் கண்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டே போகும். பெயரும் தேதியும் கோப்புறையும் கிடைக்காது, துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட பெரிய வீடியோக்கள் பெரும்பாலும் உடைந்தே வரும். இதை முதல் வழியாக எடுக்காதீர்கள். பெயரில்லாத எண்பதாயிரம் படங்களைப் பிரித்து அடுக்குவது பல வார வேலை.

கோப்பு வந்துவிட்டது என்பதும், கோப்பு நன்றாக இருக்கிறது என்பதும் வேறு வேறு. படிக்க முடியாத செக்டர்கள் இமேஜில் வெற்றிடமாகவே இருக்கும். கோப்பின் அளவு சரியாகக் காட்டும், திறந்தால் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நேர்த்தியான வழி உண்டு. இமேஜின் ஒரு நகலில், டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் தெரிவைக் கொண்டு, மேப் கோப்பில் கூட்டல் குறி இல்லாத இடங்களில் மட்டும் எங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு சொற்றொடரை எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்த நகலிலிருந்து எடுத்த கோப்புகளுக்குள் அதே சொற்றொடரைத் தேடுங்கள். எந்தெந்தக் கோப்பில் அது அகப்படுகிறதோ அவை மட்டும் பழுது. மற்றவற்றில் படிக்கப்படாத செக்டர் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் வேலை இல்லாமல் பத்து நிமிடத்தில் பட்டியல் கையில் வரும்.

லேபுக்கு அனுப்பும்போது

டிஸ்கை நிலைமின் தடுப்புப் பையில் போட்டு, எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டராவது மென்பஞ்சு இருக்கும்படி, பெட்டிக்குள் ஆடாமல் வையுங்கள். நனைந்த டிஸ்கை வெயிலில் காயவைக்காதீர்கள். நீர் ஆவியானபின் உப்பும் அழுக்கும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடேயே பையில் மூடி, விரைவாகச் சேர்ப்பது நல்லது.

உடன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: என்ன நடந்தது, என்ன சத்தம், அதன்பின் எத்தனை முறை ஆன் செய்தீர்கள், என்னென்ன மென்பொருள் ஓட்டினீர்கள். மறைக்க வேண்டாம், செக்டிஸ்க் ஓட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மீட்க வேண்டியவற்றில் எது முதலில் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். டிஸ்க் பாதி வழியில் நின்றுவிட்டால் எதை எடுத்திருக்க வேண்டும் என்பதை அந்த வரிதான் தீர்மானிக்கும். டிடிரெஸ்க்யூ ஓட்டியிருந்தால் இமேஜையும் மேப் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள், அவர்கள் மிச்சமுள்ள இடங்களை மட்டும் படித்தால் போதும்.

லேபிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். பரிசோதனைக்குத் தனிக் கட்டணமா? தரவு வரவில்லை என்றால் என்ன தர வேண்டும், டோனர் டிஸ்கின் செலவு அதில் சேருமா? பணம் கொடுக்கும் முன் மீண்ட கோப்புகளின் பட்டியலையும், சிலவற்றைத் திறந்தும் காட்டுவீர்களா? வேலை முடிந்தபின் எங்கள் தரவின் நகலை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், எப்படி அழிப்பீர்கள்? டிஸ்கைப் பார்க்காமலேயே தொலைபேசியில் 'நூறு சதவீதம் வரும்' என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். முதலில் அவர் சர்க்யூட் பலகையைப் பார்த்திருக்க வேண்டும்.

மீண்ட கோப்புகள் வந்ததும், புதிய டிஸ்கில் ஒன்று, வேறோர் இடத்தில் ஒன்று என இரண்டு நகல் ஆகும்வரை பழைய டிஸ்கைத் தூக்கிப் போட வேண்டாம். முக்கியமானவற்றைத் திறந்து பார்த்து, விட்டுப்போனது எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு அப்புறப்படுத்துங்கள்.